வெள்ளோட்டம் பார்க்காத ஆப்பில் கூலியை ஏற்றலாமா?

புதிதாகத் தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவது நம் நாட்டு வழக்கம். சாமியை ஏற்றாமல் வெறுந்தேரை வீதிகளில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா, முட்டுக்கட்டைக்கு அடங்குகிறதா என்று தச்சரும் கொல்லரும் கூடவே நடந்து கவனிப்பார்கள். கோளாறு தெரிந்தால் தேரைத்தான் செப்பனிடுவார்கள். வடம் பிடித்தவனைத் தண்டிக்க மாட்டார்கள். ஆலையில் புது மிஷின் வந்து இறங்கினாலும் லோடு இல்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகே உற்பத்திக்கு விடுவார்கள். விதை நெல்லைக்கூட ஈரத் துணியில் முடிந்து முளைப்புப் பார்த்துத்தான் நாற்றங்காலில் விடுகிறோம்.

ஆனால் உழைக்கும் ஜனங்களின் அன்றாடக் கூலியோடு பிணைக்கப்படும் செல்போன் ஆப்புகள் விஷயத்தில் இந்தச் சாதாரண விவேகம் எங்கே போயிற்று? இங்கே வெள்ளோட்டமே கூலியை ஏற்றிக்கொண்டுதான் நடக்கிறது. ஆப் நின்றுபோனால் ஆப்புக்கு நஷ்டமில்லை. அன்று மண் வெட்டியவருக்குத்தான் நஷ்டம். இது என்ன நியாயம்?

இந்த நியாயத்தைக் கேட்பதற்கு நமக்குக் கொஞ்சம் தொழில் நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். சிம் போடாத, ரீசார்ஜ் செய்யாத ஒரு போனைத் தயார் செய்து அதில் ஓர் ஆப்பைச் சோதிப்பது எப்படி என்பதே அந்த நுணுக்கம். என்ஜினீயர்களுக்கு மட்டும் உரிய ரகசியம் அல்ல இது. பத்தாவது படித்த எந்தத் தோழரும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டால் அதிகாரிகளிடம் என்ன கேட்பது என்பது தானாகவே விளங்கிவிடும்.

போன் வேறு, சிம் வேறு

மாடு வேறு, வண்டி வேறு என்பது போலத்தான் போனும் சிம்மும். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால் போனே செத்துவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. போனில் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது, காமிரா இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, வைஃபை அலையை வாங்கும் உறுப்பு இருக்கிறது, வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் அலையை வாங்கி, தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் ஜி.பி.எஸ். உறுப்பும் இருக்கிறது. இவற்றில் எதற்கும் டெலிபோன் கம்பெனியின் அனுமதி தேவையில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு அவை சொந்தம்.

சிம் என்பது என்ன? கம்பெனியின் டவரோடு பேசுவதற்கான அனுமதிச் சீட்டு. அது இல்லாவிட்டால் டவர் வழியாகப் பேச முடியாது, எஸ்.எம்.எஸ். வராது, ஓ.டி.பி. வராது, கம்பெனியின் டேட்டா ஓடாது. யு.பி.ஐ. பண ஆப்பைப் புதிதாகப் பதிய முடியாது. ஏனென்றால் அது நம் சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் நம்மை அடையாளம் காண்கிறது. மற்றபடி படம் எடுக்கலாம், எழுதலாம், சேமிக்கலாம், வைஃபை கிடைத்தால் உலகம் முழுவதையும் எட்டலாம். ஜி.பி.எஸ்.கூட வேலை செய்யும். டவரின் உதவி இல்லாததால் முதல் தடவை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிஷம் பிடிக்கலாம். திறந்த வெளியில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆப் செய்கிற கம்பெனிகளில் என்ன நடக்கிறது? சோதனைக்கென்று பலவகைப் போன்களை மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மாதா மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. வைஃபையில் இணைத்து, ஆப்பை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். ஆப்பைச் சோதிக்க அவர்களுக்கு ரீசார்ஜ் கட்டாயமில்லை. அந்த ஆப்பில் வருகை பதிய ஏரிக்கரையில் நிற்கும் பெண்ணுக்கோ ரீசார்ஜ் இல்லாமல் தீராது. இந்த வித்தியாசத்தை மனதில் குறித்துக் கொள்ளுங்கள், தோழர்களே!

கம்பெனிகள் போட்ட முடிச்சு

போனையும் சிம்மையும் பிரிக்க முடியாமல் கட்டிப்போடக் கம்பெனிகள் முயலாமல் இல்லை. 2003ம் ஆண்டில் ரிலையன்ஸ் கம்பெனி 501 ரூபாய் முன்பணத்தில் போன் தந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் போனில் கழற்றி மாற்றக்கூடிய சிம் கிடையாது. கம்பெனியை விட்டால் கருவி வெறும் டப்பா. 2017ம் ஆண்டில் 1,500 ரூபாய் டிபாசிட் வாங்கிக்கொண்டு வந்த ஜியோ போனில் சிம் உண்டு. ஆனால் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும் என்று பூட்டுப் போட்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் இது பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. தவணையில் போனைக் கொடுத்து, தவணை முடியும்வரை வேறு கம்பெனி சிம் ஏறாதபடி பூட்டிவிடுவார்கள். அந்தப் பூட்டைத் திறப்பது குற்றமல்ல என்று சொல்வதற்கே அங்கே 2014ம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கானடாவில் ஜனங்களின் முறையீட்டுக்குப் பிறகு, 2017 டிசம்பர் 1ந் தேதி முதல் பூட்டிய போன் விற்பதே தடை செய்யப்பட்டது.

நம் நாட்டில் கடையில் விற்கும் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படிப்பட்ட பூட்டு இல்லை. ஆனால் வேறு ஒரு கயிறு இருக்கிறது: ரீசார்ஜ்! 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் தினம் ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய்க்குப் போயிற்று. அந்த 2024-25ம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். ஆக, 28 நாளுக்கு ஒரு தடவை ஒரு நாள் கூலியை அப்படியே எடுத்துக் கொடுத்தால் கையில் மிஞ்சுவது 20 ரூபாய்!

சோதனைப் போன் தயாராவது எப்படி?

இனி காரியத்துக்கு வருவோம். பழைய ஆண்ட்ராய்ட் போன் ஒன்று இருந்தால் போதும். சங்கக் காரியாலயத்துக்கோ படிப்பகத்துக்கோ யாராவது நன்கொடையாகத் தந்தால் நல்லது. கடையில் பழையது வாங்கினால் ஓர் எச்சரிக்கை: *#06# என்று அழுத்தினால் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைப் போட்டு, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு வேறு ஒரு போனிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்தக் கருவி தடை செய்யப்பட்டதா என்று தெரியும். திருட்டுப் போனை வாங்கி வீண் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, பழைய சொந்தக்காரர் தம்முடைய கூகுள் கணக்கைப் போனிலிருந்து நீக்கித் தர வேண்டும். அதன் பிறகுதான் செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள ரீசெட் மூலம் முழுவதையும் அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் போன் பூட்டிக்கொண்டு, பழைய கணக்கின் ரகசியச் சொல்லைக் கேட்டு அடம் பிடிக்கும்.

அழித்த போனைத் திறந்ததும் பாஷை கேட்கும், தமிழைக் கொடுங்கள். சிம் கேட்கும், 'ஸ்கிப்' என்று தாண்டிவிடுங்கள். வைஃபை கேட்கும், பக்கத்தில் ஒரு தோழர் தம் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் போதும். பிளே ஸ்டோரிலிருந்து ஆப் இறக்குவதற்கு மட்டும் ஒரு கூகுள் கணக்கு வேண்டும். புதுக் கணக்குத் தொடங்கப் போனால் போன் நம்பர் கேட்கக்கூடும். சங்கத்துக்கு ஏற்கெனவே உள்ள கணக்கைப் போட்டால் சிரமமில்லை. முடிந்தது! சிம் இல்லாத சோதனைப் போன் தயார்.

ஆப் எழுதக் கற்றுக்கொள்ளும் இளந்தோழர்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு. செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பக்கத்துக்குப் போய் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்ற கதவு திறக்கும். அதற்குள் 'யு.எஸ்.பி. டீபக்கிங்' என்பதைத் திறந்து, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், பிளே ஸ்டோரின் தயவு இல்லாமலே தாங்கள் எழுதிய ஆப்பைப் போனில் ஏற்றலாம். எந்த வரியில் தடுக்கி விழுகிறது என்றும் பார்க்கலாம். இந்தக் கதவைத் தம் சொந்தப் பணப் போனில் யாரும் திறந்து வைக்க வேண்டாம். அது சோதனைப் போனுக்கு மட்டும்.

டில்லியில் உட்கார்ந்து பனமலையில் நிற்கலாம்!

அந்த டெவலப்பர் கதவுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'மாக் லொக்கேஷன்', அதாவது பொய் இடம் என்று ஒரு வசதி. சோதனை செய்கிறவர் டில்லியில் குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீ இப்போது விழுப்புரம் மாவட்டம் பனமலை ஏரிக்கரையில் நிற்கிறாய்" என்று போனுக்குச் சொல்லலாம். போன் அதை நம்பும். ஆப்பும் நம்பும். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் குன்று பக்கத்தில் இருப்பதாகவே வரைபடம் காட்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சான்றும் எழுதிவிடலாம்.

இந்த வசதியில் தப்பு ஒன்றுமில்லை; வேலைக்கு வேண்டிய கருவிதான். ஆனால் பொய் இடத்தோடு பனமலை வெயில் டில்லிக்குப் போகுமா? கீரனூர் அணைக்கட்டில் புறப்பட்டு இந்த ஏரியில் வந்து முடிகிற நந்தன் கால்வாயில் இறங்கித் தூர் வாரும்போது கையில் ஒட்டுகிற சேறு போகுமா? செஞ்சி வட்டாரத்தின் பாறைக் குன்றுகளைப் பாருங்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் டவர் இருந்தால் இந்தப் பக்கம் அலை மெலிந்துபோவது இயற்கை. கல் ரேடியோ அலையைத் தடுக்கும். அந்தக் கல்லை டில்லிப் போனுக்குள் ஏற்றிக் காட்ட முடியுமா? நாலு வருஷம் உழைத்துத் தேய்ந்த போன், பாதி செத்த பாட்டரி, கண்ணைக் கூசும் வெயிலில் மங்கித் தெரியும் திரை, பின்னால் வரிசையில் நிற்கும் ஐம்பது பேர், இவற்றில் எது அந்த அறையில் இருக்கிறது?

அறையில் செய்யும் சோதனை அவசியம். அது போதாது என்பதே நம் வாதம். வெறுந்தேரைப் பட்டறைக்குள் உருட்டிப் பார்த்தால் வெள்ளோட்டம் ஆகிவிடாது. வீதியில் இழுக்க வேண்டும்.

நூறு நாள் வேலையில் நடந்தது என்ன?

வீதியில் இழுக்கவே இல்லையா என்று கேட்கலாம். இழுத்தார்கள். எப்படி இழுத்தார்கள் என்பதைப் பாருங்கள்.

மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வருகைப் பதிவுக்கென்று மத்திய சர்க்கார் 2021 மே 21ந் தேதி ஓர் ஆப்பை வெளியிட்டது. என்.எம்.எம்.எஸ். என்பது அதன் பெயர். 2022 மே 16 முதல், 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் நீங்கலாக, எல்லா இடத்திலும் கட்டாயமாயிற்று. பணித்தளப் பொறுப்பாளர் தினம் இரண்டு தடவை படம் எடுக்க வேண்டும். படத்தில் நேரமும் இடமும் பதியும். அது ஏறினால்தான் வருகை.

ஆரம்பத்தில் காலையிலும் பிற்பகலிலும் குறித்த நேர வரம்புக்குள் படம் எடுத்தாக வேண்டும் என்று விதி. காலையிலேயே வந்து அளவு வேலையை முடித்துவிட்ட பெண்கள், இரண்டாவது படத்துக்காகப் பகலெல்லாம் காத்துக் கிடந்தார்கள். சிக்னல் இல்லாத இடங்களில் படம் ஏறவில்லை. செய்த வேலைக்குக் கூலி இல்லை என்று பல ராஜ்யங்களிலிருந்தும் புகார் எழுந்தது. 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? முதல் படத்துக்கு நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது படத்தை எடுக்கலாம் என்று ஆப்பை மாற்றினார்கள். சிக்னல் இல்லாதபோது படத்தைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் ஏற்றலாம் என்றார்கள். தமிழ் உள்ளிட்ட பாஷைகளிலும் ஆப் கிடைக்கும் என்றார்கள். விசேஷ சந்தர்ப்பங்களில் மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர் கைப்பதிவு வருகையை ஏற்கலாம் என்றார்கள்.

நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி! சிம்மைக் கழற்றிய ஒரு போனை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் ஓர் ஏரியில் நின்றிருந்தால், இந்தக் குறைகள் எல்லாம் அன்று சாயங்காலமே தெரிந்திருக்காதா? அந்த ஒரு நாள் சோதனைக்கு ஆகிற செலவு பஸ் கூலியும் சாப்பாடும்தான். அதைச் செய்யாமல், எத்தனையோ ஏழைப் பெண்களின் நாள் கூலியில் சோதனை நடத்தினார்கள். கடைசிப் பரிகாரமும் மாவட்டத் தலைநகரின் மேஜையில்தான் இருந்தது. கூலி இழந்தவளோ ஏரியில் நின்றாள். அந்த மேஜைவரை போய்வர அவளுக்கு இன்னொரு நாள் கூலியும் போய்விடும்.

அந்தப் போன் யாருடையது? பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போன். டேட்டா யாருடையது? அவர் போட்ட ரீசார்ஜ். மண்வெட்டியும் கூடையும் கொண்டுவந்து வேலை செய் என்றதுபோல், சர்க்காரின் கணக்குப் புத்தகத்தையும் அவரே வாங்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

சர்க்கார் போன் கொடுத்த இடத்திலும் சோதனை இல்லாவிட்டால் இதே கதிதான். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், தங்களுக்குத் தந்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். நினைவகம் குறைந்த அந்தப் போன்களில் போஷண் ட்ராக்கர் என்ற ஆப் திணறியது. ஆப்பில் மராத்தியும் இல்லை. எந்தப் போன் கொடுத்தோமோ அந்தப் போனிலேயே ஆப்பை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம், 2005ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 'வி.பி. ஜி ராம் ஜி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வருஷத்துக்கு 125 நாள் வேலை என்று சொல்லும் அந்தச் சட்டம், பயோமெட்ரிக் அடையாளம், செல்போன் வழியாக வேலைத்தலக் கண்காணிப்பு, செயற்கை அறிவு ஆகியவற்றையும் சேர்த்தே பேசுகிறது. ஆக, போனின் பிடி இறுகுகிறதே ஒழியத் தளரவில்லை. பழைய பாடத்தை இப்போதே கற்க வேண்டியதன் அவசியம் இதுதான்.

ஆலைத் தோழர்களே, உங்களுக்கும்தான்!

இது ஏரி வேலைக்காரர்களின் பிரச்னை என்று ஆலைத் தொழிலாளிகள் ஒதுங்க முடியாது. 2025 ஆகஸ்ட் 1 முதல், புதிதாக வேலைக்குச் சேருபவரின் வைப்பு நிதி எண்ணை உமாங் ஆப்பில் முகத்தைக் காட்டித்தான் பெற வேண்டும் என்று வருங்கால வைப்பு நிதி ஸ்தாபனம் பொது விதி செய்தது. ஆலை வாசலில் நிற்கும் புதுத் தொழிலாளியிடம் அந்த ஆப் ஓடும் போன் இல்லாவிட்டால் என்ன செய்வது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ரீசார்ஜ் போட முடியாமல் நம்பர் செத்துப்போனால், 90 நாளுக்குப் பிறகு கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். நம் வைப்பு நிதிக்கும் பாங்க் கணக்குக்கும் உரிய ஓ.டி.பி. அதன்பின் யாரோ ஒருவர் கையில்! சோதனைப் போனுக்குச் சிம் வேண்டாம் என்றோம். ஆனால் ஆதாரோடும் வைப்பு நிதியோடும் இணைத்த நம்பரை மட்டும் சாக விடாதீர்கள். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட திட்டத்தைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்கு விதித்தது. கடைக்காரர் காட்டுவதை மட்டும் போட்டுக்கொண்டு வராமல், அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

"ஊழலை ஒழிக்கத்தானே?"

ஆப்பை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். மஸ்டர் ரோலில் செத்தவர் பெயரும் ஊரில் இல்லாதவர் பெயரும் ஏறின. ஊழலைத் தடுக்கத்தானே ஆப் வந்தது என்கிறார்கள். போலிப் பெயர் எழுதுவது திருட்டு. அந்தத் திருட்டில் முதலில் ஏமாறுகிறவர் உண்மையாக உழைக்கும் ஏழையே. ஆகவே திருட்டைத் தடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஆப் தடுத்ததா? 2025 ஜூலை 8ந் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ராஜ்யங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன; படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள்; படத்தில் உள்ளவர் எண்ணிக்கைக்கும் பதிவுக்கும் பொருத்தமில்லை என்று அந்த அறிக்கையே பட்டியல் போட்டது. இனி ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. கடைசியில் மனிதக் கண்தான் வேண்டியிருக்கிறது! திருடுகிறவன் படத்தைப் படமெடுத்துப் பிழைத்துக்கொண்டான். சிக்னல் இல்லாத இடத்தில் நேர்மையாக நின்றவள் கூலியை இழந்தாள். எந்தப் பூட்டு திருடனுக்குத் திறந்து வீட்டுக்காரனுக்கு மூடுகிறதோ, அது பூட்டு அல்ல.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, வெறும் கண்டனத்தோடு நில்லாமல் ஒரு காரியத்தைத் தொடங்கலாம். ஒன்றியத்துக்கு ஒரு சோதனைப் போனாவது நம் சங்கக் காரியாலயங்களில் இருக்கட்டும். ஜனங்கள் மீது ஏற்றப்படும் ஒவ்வொரு ஆப்பையும் அதில் ஏற்றி, கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைக் கேட்போம்.

1. ஏரோப்ளேன் மோடில் போட்டு அலையை அறுத்தால் ஆப் திறக்கிறதா? பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைக்க முடிகிறதா? எடுத்த படம் பத்திரமாக நிற்கிறதா?

2. வைஃபை திரும்பியதும் படம் தானாக ஏறுகிறதா? எடுத்த நேரம் பதிகிறதா, ஏறிய நேரம் பதிகிறதா?

3. பழைய, நினைவகம் குறைந்த போனில் ஓடுகிறதா? ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு சார்ஜ், எவ்வளவு டேட்டா தின்னுகிறது?

4. கோளாறு வந்தால் தமிழில் சொல்கிறதா? அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறதா?

5. ஏறவில்லையென்றால் 'நான் வந்தேன், முயன்றேன்' என்பதற்கு ஏதாவது அத்தாட்சி கையில் தருகிறதா?

தேதி, இடம், போனின் வகை, நடந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதிகாரியிடம் "ஆப் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "உன் போன் சரியில்லை" என்பார். நோட்டைக் காட்டினால் அந்தப் பேச்சு எடுபடாது. ஒன்றை மறக்க வேண்டாம்: பணித்தளப் பொறுப்பாளரின் உண்மையான கணக்கை வாங்கி விளையாடிப் பார்க்கக் கூடாது. பொய்யாக ஒரு வருகை ஏறிவிட்டால் அந்தப் பெண்ணின் தலைதான் உருளும்.

உள்ளே நுழையும் கணக்கு இல்லாமல் எப்படி முழுதாகச் சோதிப்பது? அதுவே நம் முதல் கோரிக்கை. பொய்ப் பெயர்கள் கொண்ட சோதனைக் கணக்கு என்பது ஆப் செய்கிற எல்லோரிடமும் இருக்கும் சாதாரண விஷயம். அதை ஊராட்சிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் திறந்துவிடட்டும். கூலியைத் தொடும் எந்த ஆப்பும், கட்டாயமாக்கப்படுமுன் சிக்னல் இல்லாத வேலைத்தலத்தில், தொழிலாளர் கண்முன்னால், கூலியை ஏற்றாமல் வெள்ளோட்டம் பார்க்கப்படட்டும். ஆப் நின்றுபோன நாளில் காகித மஸ்டர் ரோலில் உள்ள கையெழுத்தே செல்லும் என்று விதி இருக்கட்டும். அதை ஏற்கும் அதிகாரம் ஊராட்சியிலேயே இருக்கட்டும். போனும் டேட்டாவும் வேலை வாங்குகிறவர் செலவு. அது சர்க்கார் ஆனாலும் சரி, ஆலை முதலாளி ஆனாலும் சரி.

தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபைக்கு அந்த நோட்டையும் சோதனைப் போனையும் எடுத்துக்கொண்டு போவோம். எல்லோரும் பார்க்க அலையை அறுத்துக் காட்டுவோம். ஆப் ஓடினால் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்வோம். ஓடாவிட்டால், ஓட வைக்கிறவரை கூலியை அதில் ஏற்றாதே என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுவோம்.

தேரை இழுப்பவர்கள் நாம். அச்சு தாங்குமா என்று கேட்கிற உரிமையும் நமக்குத்தான்!